பின் இடது சக்கரம்

அந்தத் தட்டை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் பிடியுங்கள், தம்பி. நட்டு நழுவி மணலில் விழுந்தால் இரண்டு பேரும் குனிந்து தேட வேண்டியிருக்கும். ஆமாம், அப்படித்தான். தென்காசியிலிருந்து பஸ் ஏறி ராஜபாளையம் வந்து, என் வாசலில் இப்படித் தட்டுப் பிடித்துக்கொண்டு நிற்போம் என்று நினைத்திருக்க மாட்டீர்கள். கார் பார்க்க வந்தவருக்கு ஒரு காபிகூடக் கொடுக்கவில்லை. கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. வேலை முடியட்டும், தெருமுக்கில் ஒரு கடை இருக்கிறது, போய்க் குடிப்போம்.

ஸ்பேசரைக் கழற்றிக் கொடுத்தால் வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்றீர்கள். நியாயம்தான். இதற்கு முன்னால் வந்தவர்கள் யாரும் இப்படிச் சொல்லவில்லை. வந்தார்கள், பார்த்தார்கள், நான் சொன்னதைக் கேட்டார்கள், போன் பண்ணுகிறேன் என்று போய்விட்டார்கள். நீங்கள்தான் சத்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அதைக் கழட்டிட்டாப் போச்சு, சார். ஏன் இன்னும் கழட்டாம வச்சிருக்கீங்க?" என்று கேட்டீர்கள்.

நேரமில்லை, தம்பி. வேறென்ன? தனியாள். சமையல், துணி, மோட்டார் போடுவது எல்லாம் நானே.

இதோ வந்துவிட்டது. இதுதான் ஸ்பேசர். அலுமினிய வட்டு, கட்டைவிரல் தடிமன். சக்கரத்தைக் கழற்றிவிட்டு இதை ஹப்பில் வைத்து முடுக்கி, இதன் மேல் சக்கரத்தை மாட்டினால், அந்தத் தடிமன் அளவுக்குச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். அவ்வளவுதான் விஷயம். ஓட்டத்துக்கு இதனால் பெரிய லாபம் ஒன்றும் கிடையாது. பார்வைக்கு அழகு.

இந்த வயதில் இவனுக்கு எதற்கு அழகு என்று நினைக்கிறீர்கள். சொல்கிறேன். நான் மில்லில் மெயின்டனன்ஸ் மேஸ்திரி. சங்கரபாண்டியன் என்றால் தெரியாது, மேஸ்திரி என்றால் ஷிப்ட் முழுக்கத் தெரியும். முப்பது வருஷம் சைக்கிளில் போய் வந்தவன். விலகி வந்த கையோடு இந்த வண்டியை வாங்கினேன். பழைய வண்டிதான், ஆனால் கார். வாங்கிய முதல் வாரமே டயர் கடை பிச்சைக்கனியிடம் கொண்டுபோனேன், காற்று பிடிக்க. என் கூட்டாளி. அவன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என்ன சொன்னான் தெரியுமா?

"அண்ணாச்சி, வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா வேட்டியத் தூக்கிக் கட்டுன ஒல்லிக்காலன் மாதிரி நிக்குதே!"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் குனிந்து பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். உடம்பு அகலம், சக்கரம் இரண்டும் உள்ளே ஒடுங்கி நிற்கிறது. ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும். ஸ்பேசர் என்று ஒன்று இருக்கிறது, போட்டால் சரியாகிவிடும் என்று அவனேதான் சொன்னான். போடு என்றேன்.

முன்பக்கம் இரண்டும் கழற்றியாயிற்று. சக்கரத்தை மாட்டிவிடுகிறேன், நட்டைக் கொடுங்கள். வரிசையாக முடுக்கக் கூடாது, எதிரெதிராக முடுக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் ஒரே சமமாக உட்காரும். கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும். இதை மறந்துவிடாதீர்கள். அவசரக்காரர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முன்பக்கம் எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒடித்துப் பார்த்தோம், எங்கேயும் தட்டவில்லை. தொந்தரவெல்லாம் பின்னால்தான். அதுவும் இடப்பக்கம்.

இங்கே விரலை விட்டுப் பாருங்கள். மட்கார்டுக்கு உள்ளே ஒரு தகட்டு மடிப்பு தெரிகிறதா? சக்கரம் உள்ளே இருக்கும்வரை இந்த மடிப்பு யாருக்கும் இடைஞ்சல் இல்லை. சக்கரம் வெளியே வந்தால் டயர் சரியாக இதன் அடியில் வந்து நிற்கும். பின்னால் ஆள் உட்கார்ந்து வண்டி ஒரு பள்ளத்தில் விழும்போது உடம்பு கீழே அமுங்குகிறது, இல்லையா? சக்கரம் தரையில்தானே நிற்கும்? அப்போது இந்த மடிப்பு இறங்கி டயரில் உரசும். கர்ரக் என்று ஒரு சத்தம். கேட்டால் பல் கூசும். வலப்பக்கம் இடைவெளி கொஞ்சம் கூடுதல், அங்கே உரசாது. எந்த வண்டியும் இரண்டு பக்கமும் நூல் பிடித்த மாதிரி இருக்காது.

அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பிச்சைக்கனி செய்வான். மடிப்பின் அடியில் சாக்பீஸைத் தடவிவிடுவான். பின்னால் ஆளை உட்காரவைத்து வேகத்தடையில் ஏற்றி இறக்குவான். திரும்பி வந்து குனிந்து பார்ப்பான். சாக்பீஸ் அழிந்திருந்தால் உரசியிருக்கிறது. அழியாவிட்டால் உரசவில்லை. காது பொய் சொல்லலாம், சாக்பீஸ் சொல்லாது என்பான்.

ஸ்பேசர் போட்ட அன்றைக்குக் கோமதியும் கூட வந்திருந்தாள். என் மனைவி. கடைத்தெருவில் இறங்க வேண்டும் என்று வந்தவள், பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

"மதினி, ஒரு ரவுண்டு பின்னாடி உக்காருங்க. ஆள் பாரத்தோட பாக்கணும்" என்றான் பிச்சைக்கனி.

அவள் இடப்பக்கம் ஏறினாள். அவள் எப்போதும் இடப்பக்கம்தான். அவன் ஓட்டினான், நான் ரோட்டோரம் நின்று காது கொடுத்தேன். மில்லில் ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை மெஷினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால், எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட காது. வேகத்தடையில் வண்டி இறங்கியது. கர்ரக்.

குனிந்து பார்த்தால் சாக்பீஸ் சுத்தமாக அழிந்திருக்கிறது.

"என்ன கோமதி, உன் பாரம் தாங்காம வண்டி அழுவுதே!" என்றேன்.

சும்மா ஒரு வேடிக்கைக்குத்தான். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சொல்லப்போனால் அவள்தான் அதிக நேரம் சிரித்தாள். அவள் ஒன்றும் அப்படிப் பெரிய பாரம் இல்லை, தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் எடை மெஷினில் ஏறிப் பார்த்திருக்கிறோம். அவளும் நானும் ஒரே எடை. நான் வளர்த்தி, அவள் கட்டை. அவ்வளவுதான்.

பிச்சைக்கனி மட்டும் சிரிக்கவில்லை. "சன்னமான வட்டு ஒண்ணு இருக்கு, அண்ணாச்சி. அதைப் போட்டுருவோம். இல்லாட்டி பின்னாடி வேண்டாம்" என்றான். அது எப்படி? முன்னால் ஒரு மாதிரி, பின்னால் ஒரு மாதிரி நின்றால் இன்னும் கேவலம். மடிப்பை நான் உருட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உருட்டுவது என்றால், மடிப்பைச் சூடுபண்ணி, ஒரு உருளையைக் கொடுத்து அழுத்தி, உள்பக்கமாகப் படுக்கவைத்துவிடுவது. படுத்துவிட்டால் டயருக்கு இடம் கிடைத்துவிடும். அதற்கென்று கருவி இருக்கிறது. என்னிடம் இல்லை. மில்லில் கழித்துப் போட்ட ரப்பர் உருளை ஒன்று வீட்டில் கிடந்தது. சூட்டுக்கு என் மகள் தாரணி முடி காயவைக்கிற மெஷின். அவள் கல்யாணமாகி ஓசூர் போனபோது விட்டுப்போனது. கோமதி அந்த மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நீங்கள் இப்போது தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. ஒரு பகல் முழுக்க. கை வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

நல்ல வேலை, தம்பி. தடவிப் பாருங்கள். பெயிண்டில் முடி மாதிரி ஒரே ஒரு கீறல், அதுவும் உள்பக்கம்.

ஆனால் சத்தம் போகவில்லை. அது ஆடி மாதம். காற்றுக் காலம். குற்றாலத்துக்குப் போனோம், கர்ரக். சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குப் போனோம், போகும்போதும் கர்ரக், வரும்போதும் கர்ரக். நான் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தாரணி கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை. சத்தம் வந்தால் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பேன். அவ்வளவுதான். ஓட்டுகிறவன் கண்ணாடியைப் பார்க்கத்தானே செய்வான்?

முன்னால் உட்கார வேண்டியதுதானே என்று கேட்கிறீர்களா? முன்சீட்டில் என் டூல் பை இருக்கும். பின்னால் வைத்தால் உருளும். அவளுக்கும் பின்னால்தான் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்னதில்லை.

கொஞ்சம் நகருங்கள், ஜாக்கியை இறக்குகிறேன். முன்பக்கம் முடிந்தது.

உங்களிடம் இன்னொன்று சொல்ல வேண்டும். குறையை மறைத்து விற்கிறவன் நான் இல்லை. பின்கதவைத் திறந்து பாருங்கள். ஜன்னலுக்கு மேலே ஒரு கைப்பிடி இருக்கிறதா? இடப்பக்கக் கைப்பிடி மட்டும் தளர்ந்துபோய் ஆடுகிறது. திருகு பிடித்திருக்கிற இடமே இளகிவிட்டது. மற்ற இரண்டும் புதுசு மாதிரி இருக்கின்றன. இது மட்டும் ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அதை யார் தொடுகிறார்கள்? பழைய சொந்தக்காரன் பிள்ளைகளைத் தொங்கவிட்டிருப்பான். நான் வாங்கும்போது கவனிக்கவில்லை.

எங்கே விட்டேன்? ஆம், சத்தம். ஐப்பசி மழை நின்றதும் சத்தம் குறைய ஆரம்பித்தது. முதலில் பெரிய தடையில் மட்டும் வந்தது. அப்புறம் அதிலும் வரவில்லை. கார்த்திகை முடிவதற்குள் சுத்தமாக நின்றுவிட்டது. கோமதி பின்னால்தான் இருக்கிறாள், அதே இடப்பக்கம். நான் வேண்டுமென்றே தடைகளில் கொஞ்சம் வேகமாக ஏற்றிப் பார்ப்பேன். வண்டி மூச்சு விடவில்லை. உருட்டிய மடிப்பு மெல்ல மெல்லப் படுத்து உட்கார்ந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. இரும்பு உடனே கேட்காது, பழகப் பழகத்தான் கேட்கும். பிச்சைக்கனி கடைக்குப் போய், இருந்தவர்கள் எல்லோருக்கும் வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

"பாத்தியா? கழட்டு கழட்டுன்னியே" என்றேன்.

"மதினிய வச்சு ஓட்டிப் பாத்தீங்களா, அண்ணாச்சி?" என்றான்.

"அவளை வச்சுத்தான்யா ஓட்டுறேன்."

அவன் வடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.  தோற்றவன் என்ன சொல்வான்?

அந்த நாட்கள்தான் நல்ல நாட்கள், தம்பி. இந்த வண்டியில் நான் சந்தோஷமாக ஓட்டியது அப்போதுதான். ஒவ்வொரு தடையும் தாண்டியதும் அவள் பின்னாலிருந்து கேட்பாள்.

"இப்ப சத்தம் வரலைல்ல?"

"வரல."

"நல்லதாப் போச்சு."

அவளுக்கும் அவ்வளவு சந்தோஷம். சின்னப் பிள்ளை மாதிரி, தடைக்குத் தடை கேட்பாள். குரலில் கொஞ்சம் மூச்சு வாங்கும், ஓடி வந்தவள் மாதிரி. வண்டியில் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன மூச்சு என்று நான்கூடக் கிண்டல் பண்ணுவேன்.

மார்கழியில் அவளுடைய ரவிக்கைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். டெய்லரிடம் கொடுத்து இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்து வாங்கி வாருங்கள் என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். தை பிறந்ததும் மறுபடி அதே ரவிக்கைகள், இன்னும் கொஞ்சம் பிடிக்க வேண்டும் என்றாள். பொங்கல் துணிக் கூட்டத்தில் டெய்லர் என்மேல் எரிந்து விழுந்தான். "முதல்லயே சரியா அளவு சொல்ல மாட்டீங்களா, மேஸ்திரி?"  அளவு அவளுடையது. விரலில் மோதிரம் நழுவுகிறது என்று நூல் சுற்றிக்கொண்டாள். கேட்டால், மோதிரம் தேய்ந்துவிட்டது என்றாள். தங்கம் தேயும், தெரியுமல்லவா? நாள்பட்டால் தேயும்.

மாசியில்தான் வயிற்று வலி என்று வாய் திறந்து சொன்னாள். உடனே மதுரைக்குக் கூட்டிப்போனேன். பஸ் வேண்டாம், நம் வண்டியிலேயே போவோம் என்று நான்தான் சொன்னேன். வழியெல்லாம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மாற்றுப்பாதை, மண் மேடு, பள்ளம். லாரிகளே ஆடிக்கொண்டு போயின. நம்ப மாட்டீர்கள் தம்பி, அவ்வளவு பள்ளத்திலும் ஒரு சத்தம் இல்லை. பட்டு மாதிரிப் போயிற்று. அவளிடம் சொன்னேன், "பாரு கோமதி, எப்படி ஓடுது" என்று. அவள் கண்ணை மூடியிருந்தாள். ஆனால் கேட்டது. தலையை ஆட்டினாள்.

அங்கே இருந்த டாக்டர், சின்ன வயசு, என்னைப் பார்த்து, "இவ்வளவு எடை குறைஞ்சிருக்காங்க, வீட்ல யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார். என்ன கேள்வி அது? கூடவே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? வாய் விட்டுச் சொன்னால்தானே தெரியும்? தாரணியும் அதையேதான் கேட்டாள். அவள் ஓசூரில் இருந்துகொண்டு கேட்கலாம். பங்குனி உத்திரத்துக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.

சரி, அதை விடுங்கள். நான் வண்டியைப் பற்றித்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்?

சாம்பலைக் கரைக்கப் பாபநாசம் போனோம். தாரணியும் மாப்பிள்ளையும் அங்கிருந்தே திருநெல்வேலி போய் ரயில் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் திரும்பி வந்தேன். நல்ல மத்தியான வெயில். முன்சீட்டில் டூல் பை. பின்சீட்டு காலி. கடையநல்லூர் தாண்டி ஒரு ஸ்கூல் வாசலில் வேகத்தடை. ஏற்றி இறக்கினேன்.

கர்ரக்.

கண் தன்னால் கண்ணாடிக்குப் போய்விட்டது. பார்த்தேன். யாரும் இல்லை. யார் இருப்பார்கள்?

வண்டியை ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தேன். டயரில் கீறல் இல்லை, மடிப்பில் ரப்பர் கறை இல்லை. சரி, கல் ஏதாவது தெறித்திருக்கும் என்று கிளம்பினேன். அடுத்த தடையில் மறுபடியும். அதற்கடுத்த தடையிலும். வீட்டு வாசல்வரைக்கும்.

அன்றிலிருந்து இப்படித்தான். தனியாகப் போனால் வருகிறது. யாரையாவது பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போனால் வருவதில்லை. சில நாள் தடை வருவதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது, தடையைத் தூரத்தில் பார்த்ததுமே. பேய் பிசாசு என்று பேசுகிற ஆள் நான் இல்லை, தம்பி. சத்தம் என்றால் அதற்கு ஒரு இடம் இருக்கும். எதுவோ எதிலோ படாமல் சத்தம் வராது. அதனால் சாக்பீஸ் தடவினேன். தனியாக ஓட்டினேன். சத்தம் வந்தது, நன்றாகவே வந்தது. இறங்கிப் பார்த்தால் சாக்பீஸ் தடவியது தடவியபடி இருக்கிறது. வெள்ளை வெளேரென்று. ஒரு பொட்டு அழியவில்லை.

காலிச் சீட்டுக்கு என்ன கனம் இருக்க முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

பிச்சைக்கனியைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னேன், பக்கத்தில் உட்கார்ந்தேன். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை. "நாலையும் கழட்டிப் போட்டுருவோம், அண்ணாச்சி. இப்பவே. அரை மணி நேர வேலை" என்றான். பார்ப்போம் என்றேன். அவன் மழை வருமா என்று எதையோ கேட்டான்.

வந்தவர்கள் எல்லோரிடமும் இதைச் சொன்னேன். ஓட்டிக் காட்டினேன். உங்களுக்குக் கேட்கிறதா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். நீங்கள்தான் அசையாமல் நின்றீர்கள். யாருக்கு என்று கேட்டேன், அம்மாவுக்கு என்றீர்கள். டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றீர்கள். இருங்கள், அதில் ஒரு விஷயம். அம்மாவை வலப்பக்கம் உட்காரவையுங்கள். இடப்பக்கம் வேண்டாம். ஸ்பேசர் இல்லாவிட்டாலும் வேண்டாம். வண்டிக்காகத்தான் சொல்கிறேன்.

முன்னாலேயே உட்காருவார்களா? அப்படியென்றால் நல்லது. ரொம்ப நல்லது.

பின்பக்கம் இரண்டுதான் பாக்கி. ஜாக்கியை வைத்தால் ஆயிற்று.

தம்பி, கழற்றுவதற்கு முன்னால் ஒன்று செய்யலாமா? ஒரே ஒரு தடவை. நீங்கள் ஓட்டுங்கள். நான் பின்னால் உட்காருகிறேன். இடப்பக்கம். பாரத்தோடு ஓட்டிப் பார்த்தால் என் உருட்டல் எவ்வளவு சுத்தம் என்று உங்களுக்கே தெரியும். அவ்வளவு உழைத்திருக்கிறேன், ஒரு ஆளாவது பார்க்க வேண்டாமா? அவள் இருந்தபோதே வராத சத்தம். நானும் அவளும் ஒரே எடை. வராது, பாருங்கள். சாக்பீஸ் தடவிவிடுகிறேன். இருங்கள்... ம். ஆயிற்று.

சாவி வண்டியிலேயே இருக்கிறது. டூல் பையா? அது இருக்கட்டும், முன்சீட்டில்தான் இருக்கும்.

இந்த வண்டியில் நான் பின்னால் உட்காருவது இதுதான் முதல் தடவை. வாங்கியதிலிருந்து உட்கார்ந்ததில்லை. எதற்கு உட்காரப்போகிறேன்? நேராகப் போங்கள். மேல்நிலைத் தொட்டி தாண்டினால் ஒரு தடை வரும். இங்கிருந்து ரோடு தெரியவில்லையே. முன்சீட்டும் பையும் மறைக்கின்றன. தடை எப்போது வரும் என்று எப்படித்தான் தெரியும் இங்கே உட்கார்ந்தவர்களுக்கு? பழகினால் தெரியுமாயிருக்கும். கண்ணாடியில் உங்கள் கண் மட்டும்தான் தெரிகிறது. வேறெதுவும் தெரியவில்லை.

தொட்டி வந்துவிட்டது. வேகத்தைக் குறைக்க வேண்டாம். அப்படியே ஏற்றுங்கள்.

...

கேட்டதா?

உங்களுக்கும் கேட்டதா? கேட்டதென்றால் சொல்லுங்கள், தம்பி. ஏன் என்னைக் கண்ணாடியில் அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்கள் மனதில் எதையும் வைத்துக்கொண்டு பார்க்கவில்லை, தெரியும். ஓட்டுகிறவர் பார்க்கத்தான் செய்வார். ஆனாலும்... ஒன்றுமில்லை. ஓரமாக நிறுத்துங்கள்.

அழிந்திருக்கிறது. பாருங்கள், விரல் அகலத்துக்கு வழித்து எடுத்த மாதிரி அழிந்திருக்கிறது. டயரில் வெள்ளைக் கோடு. இது காது சொல்லவில்லை, சாக்பீஸ் சொல்கிறது.

அப்படியென்றால் உருட்டியது எதுவும்... என் எடைக்கு உரசுகிறது. என் எடைதான் அவளுக்கும். அப்போது மார்கழியில், தையில், அதே சீட்டில், இதே மடிப்பு...

ஸ்பிரிங். ஸ்பிரிங்தான் தம்பி. இந்த ஒரு வருஷத்தில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். வேறொன்றுமில்லை. பழைய வண்டிதானே?

ஏறுங்கள். திரும்பி அதே வழியாகப் போவோம். மறுபடி அந்தத் தடைதான். இந்தத் தடவை மெதுவாக. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் போல இருக்கிறது, தடை வருகிறது என்று தெரிந்ததும் கை தானாக மேலே போகிறது. இந்தக் கைப்பிடிக்குத்தான். ஆடுகிறது. கீழே இழுத்தால் இளகிய திருகு தெரிகிறது. எவ்வளவு தடவை இழுத்தால் இரும்புத் திருகு இப்படி இளகும்? சும்மா பிடித்தால் இளகாது. உடம்பு முழுவதையும் தூக்கியிருக்க வேண்டும்.

"இப்ப சத்தம் வரலைல்ல?"

மூச்சு வாங்க மூச்சு வாங்கக் கேட்பாள்.

பைத்தியக்காரி. இதைப் பிடித்து எம்பினால் வண்டிக்குக் கனம் குறையுமா? இந்தக் கைப்பிடியும் வண்டியில்தானே திருகியிருக்கிறது? சீட்டில் உட்கார்ந்தாலும் இதில் தொங்கினாலும் சக்கரத்துக்கு ஒன்றுதானே? யாராவது அவளுக்குச் சொல்லியிருக்கலாம். யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம், தம்பி.

தொட்டி தெரிகிறதா? எனக்கு இங்கிருந்து தெரியவில்லை. வந்ததும் சொல்லுங்கள். இல்லை, சொல்ல வேண்டாம். ரோட்டை மட்டும் பாருங்கள், கண்ணாடியைப் பார்க்காதீர்கள். நான் இதைப் பிடித்துக்கொள்கிறேன். நன்றாக எம்பிக்கொள்கிறேன். இப்போது ஏற்றுங்கள்.

வந்ததா?

இருங்கள், இன்னும் கொஞ்சம் எம்பிப் பார்க்கிறேன். இன்னொரு தடவை போவோம்.